பட்டறைத் தபால்: பின்சக்கரமும் வண்டி ஓட்டும்

போன மாதம் முன்சக்கர பால் ஜாயின்ட் (குழிக்குள் உருண்டை சுழலும் இணைப்பு) பற்றி எழுதினேன். அதற்கு வந்த கடிதங்களில் பாதிக்கு மேல், "அப்படியானால் பின்பக்கம்?" என்றே கேட்கின்றன. அதனால் இந்த மாதம் முழுவதும் பின்பக்கம்தான்: பின்சக்கரத்தைக் காரின் சட்டத்தோடு பிடித்துவைத்திருக்கும் லிங்க் கம்பிகள் (ஆர்ம் என்றும் சொல்வார்கள்), அவற்றின் முனையில் இருக்கும் பால் ஜாயின்ட், குழல் வடிவ ரப்பர் புஷ். பிரேக், கிளட்ச் கேட்டவர்கள் பொறுத்துக்கொள்ள வேண்டும்.

கேள்வி: என்னிடம் 2008-ஆம் ஆண்டு போர்ஷே 911 இருக்கிறது. பழைய வண்டியாக வாங்கியது. 62,000 கிலோமீட்டர் ஓடியிருக்கிறது. 18 அங்குல ரிம். சிறு பள்ளங்களில் இடது பின்பக்கம் "டக்" என்று சத்தம் வருகிறது. பெங்களூரு சாலையில் 100-இல் போகும்போது ஆக்ஸிலரேட்டரிலிருந்து காலை எடுத்தால், பின்பக்கத்தை யாரோ இடுப்பில் இடித்தது போல ஒரு நகர்வு. பின் டயர்கள் உள்விளிம்பில் 9,000 கிலோமீட்டரிலேயே நூல் தெரியத் தேய்ந்துவிட்டன. ஒரு பட்டறையில் இரண்டு ஷாக் அப்சார்பரையும் மாற்றினார்கள், குணமாகவில்லை. இப்போது இரண்டு பக்கமும் எல்லா லிங்க்கையும் மாற்ற வேண்டும் என்கிறார்கள். மாற்றிவிடலாமா?
— வாசகர், அண்ணா நகர், சென்னை

பதில்: ஷாக் அப்சார்பரை மாற்றிய காசு போனது போகட்டும். சத்தம் வந்தால் ஷாக், ஆட்டம் வந்தால் அலைன்மென்ட் என்று வாய்ப்பாடு போல் சொல்கிற பழக்கம் நம் ஊரில் இருக்கிறது. உங்கள் கடிதத்தை இரண்டு முறை படித்தேன். ஒரு நோயை அல்ல, இரண்டு நோய்களைச் சொல்கிறீர்கள் என்றே எனக்குப் படுகிறது.

முதலில் அந்த "டக்". சிறு பள்ளத்தில், மெதுவாகப் போகும்போது, ஒரு பக்கம் மட்டும் வருகிற சத்தத்திற்குப் பல நேரம் காரணம், வளைவில் கார் சாய்வதைக் குறைக்கும் ஸ்டெபிலைசர் கம்பியைச் சக்கரத்தோடு இணைக்கிற சின்ன லிங்க்தான். இருப்பதிலேயே விலை குறைந்த உருப்படி அது. இரண்டு பக்கமும் அதைக் கழற்றி, கம்பி எதிலும் இடிக்காமல் கட்டிவைத்துவிட்டு, தெருவுக்குள் 20 கிலோமீட்டர் வேகத்தில் ஒரு சுற்று வாருங்கள். சத்தம் நின்றால் ஆள் அகப்பட்டான். வேகமாக மட்டும் போய்விடாதீர்கள். கம்பி இல்லாத கார் வளைவில் வேறு காராக இருக்கும்.

இனி அந்த இடுப்பு இடி. இதை நான் சத்தத்தைவிடப் பெரிதாக எடுத்துக்கொள்கிறேன். பின்சக்கரம் சும்மா பின்னால் வருவதாகத்தான் நாம் நினைக்கிறோம். அது எந்தப் பக்கம் பார்க்கிறதோ அந்தப் பக்கம் காரின் பின்பக்கம் போகும். ஆக, அதுவும் வண்டி ஓட்டுகிறது. ஸ்டியரிங் மட்டும்தான் உங்கள் கையில் இல்லை. சக்கரம் பார்க்கும் திசையை டோ என்போம். அது எந்தப் பக்கம் பார்க்க வேண்டும் என்று பிடித்துவைத்திருப்பது டோ லிங்க் என்கிற ஒற்றைக் கம்பி. ஆக்ஸிலரேட்டரை மிதிக்கும்போது சக்கரம் காரை முன்னால் தள்ளுகிறது. காலை எடுத்தால் எஞ்சின் பிடிக்கிறது, சக்கரம் காரைப் பின்னால் இழுக்கிறது. விசையின் திசை மாறுகிற அந்த நொடியில், தேய்ந்த ஜாயின்ட்டில் இருக்கும் இடைவெளி முழுவதையும் சக்கரம் எடுத்துக்கொள்ளும். இடது சக்கரம் வெளிப்பக்கம் திரும்பினால் காரின் பின்பக்கம் இடதாகவும் மூக்கு வலதாகவும் நகரும். உங்கள் கார் எந்தப் பக்கம் நகர்கிறது என்று எழுதவில்லை. நீங்களே ஒப்பிட்டுப் பாருங்கள். எஞ்சினை முதுகில் சுமக்கிற கார் என்பதால் 911-இல் இது இன்னும் கூர்மையாகத் தெரியும்.

டயர் தேய்ந்ததும் இதனால்தான் இருக்க வேண்டும். ஒரு கணக்கு சொல்கிறேன். 18 அங்குல ரிம்மின் விட்டம் 457 மில்லிமீட்டர். ரிம்மின் முன்விளிம்புக்கும் பின்விளிம்புக்கும் இருக்க வேண்டிய அளவில் 1 மில்லிமீட்டர் பிசகினால், 1 கிலோமீட்டர் உருள்வதற்குள் அந்தச் சக்கரம் 2 மீட்டருக்கு மேல் குறுக்கே இழுபடுகிறது. நீங்கள் பெங்களூரு போய்ச் சேருவதற்குள் டயரை முக்கால் கிலோமீட்டர் தூரம் தார் ரோட்டில் பக்கவாட்டில் தேய்த்ததற்குச் சமம். சக்கரம் மேல்பக்கம் உள்ளே சாய்ந்து நிற்கிற கார் என்பதால் அந்தத் தேய்மானம் உள்விளிம்பின் தலையில் விழுகிறது. டயரை உள்ளங்கையால் குறுக்கே தடவிப் பாருங்கள். ஒரு பக்கம் தடவினால் வழுவழுப்பாகவும் மறுபக்கம் தடவினால் அரம் போலவும் இருந்தால் டோ கோளாறுதான்.

எதை மாற்றுவது என்பதைக் கண்ணால் பார்த்து முடிவு செய்யக் கூடாது, விரலால் முடிவு செய்ய வேண்டும். காரை ஸ்டாண்டில் நிறுத்துங்கள். ஜாக்கியை மட்டும் நம்பி அடியில் படுக்க வேண்டாம். ஒருவர் சக்கரத்தை 9 மணி, 3 மணி இடத்தில் பிடித்து ஆட்டட்டும். நீங்கள் அடியில் இருந்து பெருவிரலை பால் ஜாயின்ட்டின் மேல் வையுங்கள், பாதி விரல் ஜாயின்ட்டிலிருந்து நீளும் பின் என்கிற தண்டின் மேலும் பாதி விரல் லிங்க்கின் மேலும் இருக்கும்படி. நல்ல ஜாயின்ட்டில் இரண்டும் ஒன்றாக அசையும். தேய்ந்ததில் விரலுக்கு அடியில் ஒன்று முந்தும், மற்றது பிந்தும். கண்ணுக்குத் தெரியாத அசைவு தோலுக்குத் தெரியும். சக்கரம் தொங்கும்போது ஜாயின்ட் இறுகி நடிக்கும். அதனால் இன்னொரு ஜாக்கியால் சக்கரத்தை ஓடும் உயரத்திற்குத் தூக்கிவிட்டு மறுபடியும் ஆட்டிப் பாருங்கள். 12 மணி, 6 மணி இடத்திலும் அதே ஆட்டம் இருந்தால் லிங்க்கை விட்டுவிட்டு வீல் பேரிங்கைச் சந்தேகியுங்கள். ரப்பர் புஷ்ஷுக்கு விரல் போதாது. சின்னக் கடப்பாரையால் நெம்பிப் பாருங்கள். ரப்பர் உலோகத்தை விட்டுப் பிரிந்திருந்தால் வாய் திறந்து காட்டும்.

உங்கள் காரில் பக்கத்திற்கு ஐந்து லிங்க், ஆக மொத்தம் பத்து. பத்தையும் மாற்றச் சொல்வது சுலபம், கண்டுபிடிக்கிற வேலை மிச்சம். என் முடிவு இது: டோ லிங்க் ஒரு பக்கம் போயிருந்தாலும் இரண்டு பக்கமும் மாற்றுங்கள். மற்றவற்றில் ஆட்டமோ வெடிப்போ உள்ளதை மட்டும் மாற்றுங்கள். 2008 ரப்பர் என்பதால் வெடிப்பு நிறையவே இருக்கும். ரப்பருக்குக் கிலோமீட்டர் கணக்கைவிட வயதுக் கணக்குதான் முக்கியம். பார்த்துவிட்டு ஆறோ ஏழோ ஆகிறது என்றால் சரி. பார்க்காமல் பத்து என்றால் வேறு பட்டறை தேடுங்கள்.

கேள்வி: என் காரில் (அதுவும் வெளிநாட்டு ஸ்போர்ட்ஸ் கார்தான்) பின்பக்கம் நான்கு ஆர்ம்களைப் புதிதாகப் போட்டேன். தரமான உதிரிபாகம், பில் இருக்கிறது. நான்கே மாதத்தில் புஷ் ரப்பர் கிழிந்துவிட்டது. பொருள் போலியா?
— வாசகர், திருப்பூர்

பதில்: பொருள் மேல் பழி போடுவதற்கு முன் ஒன்றைக் கேட்டுச் சொல்லுங்கள். போல்ட்டை இறுக்கும்போது கார் எங்கே இருந்தது, தரையிலா, லிஃப்ட்டிலா?

நான் ஷார்ஜாவில் வேலைக்குச் சேர்ந்த முதல் ஆண்டு. ஒரு காரின் பின் ஆர்ம் இரண்டையும் மாற்றி, ஏர் கன்னால் நட்டுகளை அடித்து இறுக்கி, காரை இறக்கி நிறுத்திவிட்டுக் கை கழுவப் போனேன். அரை நாள் வேலையை இரண்டு மணி நேரத்தில் முடித்த மிதப்பு. எங்கள் ஃபோர்மன் ஒரு வயதான மலையாளி. அதிகம் பேச மாட்டார். என்னைக் கூப்பிட்டு, காரைக் குழியின் மேல் நிறுத்தச் சொன்னார். சக்கரங்கள் தரையில் இருக்க, நான் இறுக்கிய நட்டில் ஸ்பானரைப் போட்டு மெதுவாகத் தளர்த்தினார். முக்கால் சுற்று வந்ததும் உள்ளே "டொப்" என்று ஒரு சத்தம். புஷ்ஷின் நடுக்குழல் தானாகத் திரும்பி நின்றது. கம்பி அறுந்தது போல இருந்தது. "நீ இறுக்கியது போல்ட்டை இல்லை, ரப்பரை" என்று மட்டும் சொல்லிவிட்டுப் போய்விட்டார்.

விஷயம் இதுதான். இந்த மாதிரிப் புஷ்ஷில் ரப்பர் வெளிக்குழலோடும் உள்குழலோடும் ஒட்டியிருக்கும். போல்ட்டை இறுக்கியதும் உள்குழல் காரின் அடிச்சட்டமான சப்ஃப்ரேமோடு பூட்டிக்கொள்ளும். அதன்பின் அது சுழலாது. சக்கரம் ஏறி இறங்கும்போது நடுவில் இருக்கும் ரப்பர்தான் முறுக்கிக்கொண்டு வழி விட வேண்டும். கார் லிஃப்ட்டில் இருக்கும்போது சக்கரம் தொங்குகிறது, ஆர்ம் கீழே சரிந்து நிற்கிறது. அந்த நிலையில் பூட்டினால் ரப்பருக்கு அதுதான் ஓய்வு நிலை. கார் தரைக்கு வந்ததும் ரப்பர் முறுக்கிய துணி போல் ஆகிவிடும். வீட்டில் சும்மா நிற்கும்போதும் முறுக்கிலேயே நிற்கும். அதற்கு மேல் பள்ளத்தில் இன்னும் முறுக்கினால் நான்கு மாதம் தாங்கியதே அதிகம்.

நாலு தூண் லிஃப்ட் இருந்தால், சக்கரத்தின் மேல் கார் நிற்க, அடியில் போய் இறுக்கலாம். இல்லாதவர்கள் இப்படிச் செய்யுங்கள். வேலை தொடங்குமுன், கார் சமதரையில் நிற்கும்போதே, சக்கரத்தின் நடுப்புள்ளியிலிருந்து மட்கார்டு விளிம்பு வரை டேப்பால் அளந்து, மாஸ்கிங் டேப்பில் எழுதி மட்கார்டிலேயே ஒட்டிவிடுங்கள். என் பையன்கள் உள்ளங்கையில் எழுதிக்கொள்வார்கள். கிரீஸ் துடைக்கும்போது அளவும் போய்விடும். புது ஆர்ம்களைப் பூட்டி நட்டுகளைக் கையால் மட்டும் திருப்பி வையுங்கள். சக்கரத்தின் அச்சுப் பகுதிக்கு அடியில் ஜாக்கி கொடுத்து, மட்கார்டில் எழுதிய அளவு வரும் வரை தூக்கி, அதன்பின் டார்க் ரெஞ்சால் (குறித்த விசைக்கு மட்டும் இறுக்கும் ஸ்பானர்) இறுக்குங்கள். தூக்கும்போது கார் ஸ்டாண்டை விட்டு எழுகிறதா என்று பார்த்துக்கொண்டே தூக்க வேண்டும். எடை குறைந்த காரில் ஸ்பிரிங் சுருங்குவதற்கு முன் கார் எழுந்துவிடும். ஏர் கன்னை அப்போது அலமாரியில் வைத்துப் பூட்டிவிடுங்கள்.

கழற்றிய பூட்டு நட்டுகளை மறுபடி போட்டிருக்கிறார்களா என்றும் பாருங்கள். நைலான் வளையம் உள்ள நட்டு ஒரு முறைக்குத்தான்.

கேள்வி: பாலிடெக்னிக்கில் ஆட்டோமொபைல் இரண்டாம் ஆண்டு படிக்கிறேன். ஒரு சக்கரத்தைப் பிடிக்க ஏன் ஐந்து லிங்க்? நான்கோ ஆறோ ஏன் இல்லை? ஆசிரியரிடம் கேட்டேன், பரீட்சைக்கு வராது என்றார்.
— மாணவி, கரூர்

பதில்: பரீட்சைக்கு வராததைக் கேட்டதற்காகவே உனக்கு நீண்ட பதில், அம்மா.

ஒரு தீப்பெட்டியை அந்தரத்தில் பிடித்துக்கொள். அது முன்பின், பக்கவாட்டு, மேல்கீழ் என்று மூன்று வகையில் நகரலாம். அதே மூன்று திசைகளைச் சுற்றி மூன்று வகையில் திரும்பலாம். மொத்தம் ஆறு. இரண்டு முனையிலும் பால் ஜாயின்ட் உள்ள ஒரு கம்பியால் அதைச் சட்டத்தோடு இணைத்தால் ஆறில் ஒன்று பறிபோகும். ஐந்து கம்பி போட்டால் ஐந்து பறிபோய் ஒன்று மிஞ்சும். அந்த ஒன்றுதான் நமக்கு வேண்டிய மேல்கீழ் அசைவு. நான்கு போட்டால் சக்கரம் தன் இஷ்டத்திற்கு இன்னொரு பக்கமும் ஆடும். ஆறு போட்டால் அசையவே அசையாது. இதுவே ஸ்கேலும் நூலும் வைத்து நீயே செய்து பார்க்கக்கூடிய கணக்கு. நூலுக்குப் பதில் ஈர்க்குச்சி இன்னும் நல்லது, நூல் தள்ளாது.

ஐந்தையும் எந்த நீளத்தில், எந்தக் கோணத்தில் வைக்கிறோம் என்பதில்தான் பொறியாளரின் கைவரிசை. சக்கரம் மேலே ஏறும்போது எவ்வளவு சாய வேண்டும், பிரேக் பிடிக்கும்போது எந்தப் பக்கம் பார்க்க வேண்டும் என்று தனித்தனியாகச் செதுக்கலாம். பழைய 911-களில் பின்சக்கரத்திற்கு ஒரே பெரிய ஆர்ம்தான். வளைவில் பயந்துபோய்க் காலை எடுத்தால் வால் முந்திக்கொண்டு வரும். அந்தக் காருக்குக் கிடைத்த கெட்ட பெயரில் பாதி அதனால் வந்தது. போர்ஷே நிறுவனமே 1977-இல் வெளியிட்ட 928 என்கிற காரில், காலை எடுத்தாலோ பிரேக் பிடித்தாலோ பின்சக்கரம் சற்று உள்பக்கம் பார்க்கும்படி ஒரு வித்தை செய்தார்கள். அவர்களுடைய ஆராய்ச்சிக்கூடம் இருக்கும் ஊரின் பெயரால் அதை வைசாக் ஆக்ஸில் என்பார்கள். 1982-இல் மெர்சிடிஸ் 190 ஐந்து லிங்க் பின் சஸ்பென்ஷனோடு வந்தது. அது ஸ்போர்ட்ஸ் கார்கூட இல்லை, குடும்பக் கார். 911-க்குப் பல லிங்க் வந்தது 1993-இல் அறிமுகமான 993 என்கிற தலைமுறையில்தான்.

இந்தச் செதுக்கலில் ரப்பருக்கும் பங்கு உண்டு. எந்தப் புஷ் எவ்வளவு விட்டுக்கொடுக்க வேண்டும் என்பதும் கணக்கில் சேர்ந்ததே. ஆகவே புஷ் தேய்ந்தால் சத்தம் மட்டுமா வருகிறது? யாரோ மாதக்கணக்கில் போட்ட கணக்கு அழிகிறது. ஆசிரியரிடம் இந்தப் பக்கத்தைக் காட்டு. கோபித்துக்கொள்ள மாட்டார்.

கேள்வி: மஸ்டா ஆர்எக்ஸ்-7 வைத்திருக்கிறேன். ஆண்டுக்கு மூன்று நான்கு முறை செப்பாங் பந்தயத் தடத்தில் ஓட்டுவேன். பின்பக்கம் எல்லா இணைப்பிலும் ரப்பருக்குப் பதில் பாலியூரித்தேன் (ஒரு வகைக் கடினப் பிளாஸ்டிக்) புஷ் போடச் சொல்கிறார்கள். போடலாமா?
— வாசகர், ஈப்போ, மலேசியா

பதில்: எல்லா இணைப்பிலும் என்றால் வேண்டாம். ரப்பர் எந்தப் பக்கமும் வளையும். பாலியூரித்தேன் தன் போல்ட்டைச் சுற்றி மட்டும் நன்றாகச் சுழலும். கோணல் மாணலாகத் திருப்பச் சொன்னால் அடம்பிடிக்கும். பல லிங்க் உள்ள பின்பக்கத்தில் ஒவ்வொரு லிங்க்கும் ஒரு கோணத்தில் திரும்புவதால், சில இடங்களில் சக்கரமே தடையின்றி ஏறி இறங்காது. மேலும் ஆர்எக்ஸ்-7-இன் பின்பக்கத்தில் சில இணைப்புகளில் தொழிற்சாலையிலிருந்தே ரப்பருக்குப் பதில் உலோக உருண்டை வைத்திருப்பார்கள். அதை எடுத்துவிட்டுப் பாலியூரித்தேன் போடுவது தங்கப் பல்லைப் பிடுங்கி மரப்பல் கட்டுவது. அந்த உருண்டைகள்தான் தேய்ந்து சத்தம் போடுகின்றனவா என்று முதலில் பாருங்கள். தேய்ந்திருந்தால் அதே வகையைப் போடுங்கள். செப்பாங் ஒரு சுற்று 5.543 கிலோமீட்டர். நாள் முழுக்க ஓட்டினாலும் நூறு, இருநூறு கிலோமீட்டர்தான். மற்ற நாளெல்லாம் அந்தக் காரில்தான் வீட்டாரைக் கோவிலுக்கு அழைத்துப் போகிறீர்கள் என்றால், முதுகுக்கும் கொஞ்சம் இரக்கம் காட்டுங்கள்.

கேள்வி: புது ஆர்ம் விலை மலைக்க வைக்கிறது. லேத் பட்டறையில் நைலான் புஷ் கடைந்து போடுகிறேன் என்கிறார்கள். பால் ஜாயின்ட்டையும் வெட்டி எடுத்து வேறு வைத்து வெல்டிங் செய்யலாமாம்.
— வாசகர், சேலம்

பதில்: நானும் கோவை கணபதியில் ஒரு லேத் பட்டறையில் எடுபிடியாகத் தொழில் தொடங்கியவன்தான். அந்தக் கைகளின் திறமை எனக்குத் தெரியும். ஆனாலும் வேண்டாம். ரப்பர் புஷ் தனியாகக் கிடைக்கிற ஆர்ம் என்றால், பழையதைப் பிரஸ்ஸில் தள்ளிவிட்டுப் புதியதை ஏற்றுவது முறையான வேலைதான். புஷ்ஷில் வெற்றிடம் விட்ட பக்கம் எது என்று முன்பே கோடு போட்டுக்கொண்டு, அதே திசையில் ஏற்ற வேண்டும். நைலான் கடைவது, அலுமினிய ஆர்மில் வெல்டிங் வைப்பது இரண்டும் கூடாது. வெல்டிங் சூட்டில் பக்கத்து அலுமினியம் பலம் இழந்துவிடும், வெளியே பார்க்க அழகாக இருக்கும். பிறகு ஒரு நாள் 120-இல் ஒடியும்.

கேள்வி: பால் ஜாயின்ட்டைக் கழற்றும்போது அதன் பின் (தண்டு) நட்டோடு சேர்ந்து சுழல்கிறது, நட்டு வரமாட்டேன் என்கிறது. சுத்தியால் தட்டலாமா?
— வாசகர், மதுரை

பதில்: அந்தத் தண்டின் நுனியில் ஆலன் கீ குழி இருக்கும், அதைப் பிடித்துக்கொண்டு நட்டைத் திருப்புங்கள். குழி சிதைந்திருந்தால் ஜாயின்ட்டை ஜாக்கியால் அழுத்திப் பிடியுங்கள். சக்கர அச்சைத் தாங்கும் பகுதி அலுமினியம் என்றால் சுத்தியைக் கண்ணில் காட்ட வேண்டாம், ஜாயின்ட்டை அழுத்திப் பிரிக்கும் புல்லர் வாங்குங்கள். கேம் போல்ட் (சக்கரத்தின் கோணத்தைத் திருப்பிச் சரிசெய்யும் போல்ட்) துருப்பிடித்துக் குழலோடு ஒட்டியிருந்தால் எண்ணெய் விட்டு ஒரு இரவு விடுங்கள். மசியவில்லையென்றால் அறுத்துவிட்டுப் புது போல்ட் போடுங்கள்.

கேள்வி: எல்லாம் மாற்றியாகிவிட்டது. அலைன்மென்ட் முன்பக்கம் மட்டும் போதுமா?
— வாசகர், ஈரோடு

பதில்: பின்பக்கம் கழற்றிவிட்டு முன்பக்கம் அலைன்மென்ட்டா? முதலில் பின்பக்கம் கேம்பர் (சக்கரத்தின் சாய்வு), பிறகு பின்பக்கம் டோ, அப்புறம்தான் முன்பக்கம். கேம்பரைத் தொட்டால் டோ நகரும் என்பதால் இந்த வரிசை. கழற்றுமுன் கேம் போல்ட்டில் சாந்து வைத்தது போல் பெயிண்ட் குறி வைத்துக்கொண்டால் அலைன்மென்ட் கடை வரை கார் நேராகப் போகும். அந்தக் குறியின் பயன் அவ்வளவுதான்.

இன்னொன்று: புது லிங்க் எத்தனை கிலோமீட்டர் வரும் என்றும் கேட்டிருக்கிறீர்கள். உங்கள் தெருவைப் பார்க்காமல் எப்படிச் சொல்வது? வேகத்தடை என்றால் 3.7 மீட்டர் அகலம், 10 சென்டிமீட்டர் உயரம், வட்டமான முதுகு, 25 கிலோமீட்டர் வேகத்தில் அலுங்காமல் ஏறி இறங்க வேண்டும் என்று சாலைப் பொறியாளர்களின் அமைப்பான இந்தியச் சாலைகள் காங்கிரஸின் வரைமுறை இருக்கிறது. எங்கள் பட்டறை வாசலில் இருப்பது ஒரு முழ அகலம், முழங்காலில் பாதி உயரம். அதைக் கட்டியவர் எனக்கு மாதம் நான்கு வாடிக்கையாளர்களைத் தருகிறார்.

கேள்வி: பணக்காரன் காருக்கு எத்தனை பக்கம் எழுதுவீர்கள்? நான் பொலேரோவில் தேங்காய் ஏற்றுகிறவன். எனக்கு இதில் என்ன இருக்கிறது?
— வாசகர், பொள்ளாச்சி

பதில்: கோபம் நியாயம்தான், அண்ணா. உங்கள் வண்டியில் பின்பக்கம் லிங்க் கிடையாது. பட்டை ஸ்பிரிங்கே எல்லாவற்றையும் பிடித்துக்கொள்கிறது. ஆனால் அந்தப் பட்டையின் இரண்டு முனையிலும் புஷ் இருக்கிறது. அடுத்த முறை புஷ் மாற்றும்போது, பையன் வண்டியைத் தூக்கி வைத்துக்கொண்டே, பட்டையைச் சட்டத்தோடு இணைக்கும் ஷாக்கிள் போல்ட்டை இறுக்கினால் கையைப் பிடித்து நிறுத்துங்கள். இறக்கிவிட்டு, வண்டி சொந்தக் காலில் நிற்கும்போது இறுக்கச் சொல்லுங்கள். ஏன் என்று கேட்டால் திருப்பூர்க்காரருக்கு எழுதிய பதிலைப் படித்துக் காட்டுங்கள்.